நாலாம் வரிசை, பதினாலாம் இலை

நவம்பர் 3, திங்கள்

பூங்கோதை காலை ஆறேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவசரத்தில் என் சீப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய தேங்காயெண்ணெய் பாட்டிலும் நாலாம் வரிசை மரங்களும் இப்போது என் பொறுப்பு.

"என்ற இலையெல்லாம் உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் புள்ள. தெனமும் தாளைப் போட்டோ எடுத்து அனுப்போணும்" என்று பண்ணைக் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சரி சரி, பஸ் போயிரும் என்றேன். அழுதாள். அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அறை பெரிதாகிவிட்டது போல இருக்கிறது. நிம்மதியாக ஃபேனை ஐந்தில் வைக்கலாம். அவளுக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு வருஷமாக இரண்டில்தான் ஓடியது.

நவம்பர் 4, செவ்வாய்

ஃபேனை இரண்டில் வைத்துத்தான் தூங்கியிருக்கிறேன். பழக்கதோஷம்.

இந்த நோட்டை யாராவது படித்தால் புரியவேண்டுமே என்று எழுதிவைக்கிறேன். (யார் படிக்கப்போகிறார்கள்? மதினி பழைய பேப்பர்காரனுக்குப் போடுவாள்.) இது மலையடிவாரத்து எலுமிச்சை ஆராய்ச்சிப் பண்ணை. எலுமிச்சைத் தளிரில் இலைத்துளைப்பான் என்று ஒரு பூச்சி முட்டை வைக்கும். பொரிக்கிற புழு இலையின் மேல்தோலுக்கு அடியில் நுழைந்து சாற்றைக் குடித்துக்கொண்டே போகும். வெளியே தலை காட்டாது. அது போன வழி வெள்ளிக் கோடாகத் தெரியும்.

ஒரே இலையில் இரண்டு புழு இருந்தால் என்ன ஆகும்? அதுதான் எங்கள் இரண்டு பேர் வேலையும். நடுநரம்புக்கு ஒரே பக்கம் இரண்டும் இருக்கிற இலைகள் பூங்கோதைக்கு. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற இலைகள் எனக்கு. மரத்துக்கு மூன்று இலை, எட்டு மரம், ஆளுக்கு இருபத்துநாலு இலை. அவளுடையது நாலாம் வரிசை, என்னுடையது ஆறாம் வரிசை. இலைமேல் கண்ணாடித் தாளை வைத்து, கோடு எவ்வளவு நீண்டிருக்கிறதோ அதைத் தினமும் வரையவேண்டும். நாளுக்கு ஒரு நிறப் பேனா. தாளின் அடியில் பூங்கோதையின் குண்டுக் கையெழுத்தில் ஒரு கட்டம்: "இறந்தால் காரணம்." மழை, எறும்பு, குளவி, மற்றொரு புழு, தெரியவில்லை. இதில் ஒன்றை எழுதவேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அடுத்த வருஷம் இந்தத் திட்டத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். "யாரோட தாள் நல்லாருக்கோ அவங்க" என்று திட்டத்தை நடத்துகிற தில்லைநாயகம் சார் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னார், சிரித்துக்கொண்டே. இது கிடைக்காவிட்டால் எனக்கு சாயர்புரத்தில் அண்ணன் வீட்டு ஹால்தான். மதினி டிவி பார்த்து முடித்த பிறகுதான் பாயை விரிக்க முடியும்.

நவம்பர் 7, வெள்ளி

முட்டை பொரிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு வரிசைக்கும் இன்றுதான் முதல் நாள், நீலம். நாற்பத்தெட்டு தாள். குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது.

ஏழு மணிக்கு பூங்கோதை கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் ஆறரைக்குப் பார்வையாளர் நேரம் முடிகிறதாம், அதற்கப்புறம் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டுமாம். அப்பா கண்ணைத் திறந்தார், ஆனால் அவளை அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா நீன்னு கேக்கறாருடி" என்றாள். நான், பதினாலாம் இலையில் ரெண்டும் எதிரெதிரே வருது என்றேன். அவளுக்குக் குரலே மாறிவிட்டது. அரைமணி நேரம் பேசினாள். அவள் தாள்கள் என்னுடையதைவிட நன்றாகத்தான் வரும்போல. அவளுடைய புழுக்கள் சண்டை போடும். என்னுடையவை ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்னும், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

நவம்பர் 8, சனி

இரண்டாம் நாள், பச்சை. சாயங்காலம் காற்றும் மழையும்.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்றாம் நாள், கறுப்பு. ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை.

ஆராய்ச்சியில் இருக்கிற மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். துணி இருந்தால் பண்ணையாள் மாடக்கண்ணு அண்ணாச்சி பூச்சிமருந்து அடிக்கமாட்டார். துணி இல்லாவிட்டால் அடித்துவிடுவார். ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை அவருடைய முறை. நேற்றுக் காற்றில் நாலாம் வரிசையில் மூன்று துணி கழன்று சேற்றில் கிடந்தது. மிச்சமும் சேறடித்து அசிங்கமாகத் தொங்கியது. அரைகுறையாக இருப்பதற்கு எல்லாவற்றையும் துவைத்து நாளைக் காலை கட்டிவிடலாம் என்று எட்டையும் அவிழ்த்தேன். ஆறாம் வரிசைத் துணிகள் அவ்வளவு அழுக்கில்லை.

மத்தியானத்துக்கு மேல் நல்ல வெயில். தலையணை உறை, பாவாடை எல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டது.

ஏழு மணிக்கு போன். தில்லைநாயகம் சார் அவளிடம் பேசினாராம். அவள் அனுப்பிவைத்த படங்களைப் பார்த்துவிட்டுப் பதினாலாம் இலையைப் பற்றிக் கேட்டாராம். "உன்ற கையெழுத்துதான், ஆனா கேள்வி என்றதாச்சே, அதான் என்னைக் கூப்பிட்டாரு போல" என்று சிரித்தாள். என்னை அவர் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டும் என்று யார் அழுதார்கள்?

நவம்பர் 10, திங்கள்

நாலாம் நாளுக்குச் சிவப்புப் பேனா இல்லை. காலையிலேயே டவுனுக்குப் போகவேண்டியதாயிற்று. துணி காயவில்லை, என்ன செய்ய?

பஸ் இறங்கி உள்ளே நுழையும்போதே மருந்து வாடை. மாடக்கண்ணு அண்ணாச்சி பம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஏம்மா, நாலாம் வரிசையில துணி ஒண்ணும் இல்லையே. அந்தப் பிள்ளை ஊருக்குப் போயிட்டாளே, வேலை முடிஞ்சிட்டோன்னு நெனச்சேன். ஒங்ககிட்ட கேட்டுட்டு அடிப்பம்னு ரெண்டு தடவ போன் அடிச்சேன், நீங்க எடுக்கல" என்றார்.

பஸ்ஸில் சத்தம் கேட்கவில்லை என்றேன்.

"முடிஞ்சிதுதானம்மா? தப்பு ஒண்ணும் இல்லையே?"

ஒன்றும் இல்லை அண்ணாச்சி என்றேன். மனுஷனுக்கு முகம் தெளிந்துவிட்டது. பாவம்.

இந்த மருந்து தோலுக்கு அடியிலும் இறங்கும். சாயங்காலத்துக்குள் நாலாம் வரிசையில் ஒரு புழுவும் அசையவில்லை.

ஏழு மணிக்கு போன் அடித்தது. எடுக்காமல் விடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன். "இலையெல்லாம் எப்படியிருக்குது?" என்றாள். நல்லாருக்கு என்று என் வாய் சொல்லிவிட்டது. "போட்டோ?" இன்னும் வரையல, அரைமணி நேரத்துல அனுப்புதேன் என்றேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து இருபத்துநாலு தாளிலும் கோட்டை நீட்டினேன். ஒரு வருஷமாக இதே வேலை. புழு எப்படி வளைந்து போகும் என்று கைக்குத் தெரியும்.

நவம்பர் 11, செவ்வாய்

மேஜை இழுப்பறையில் சிவப்புப் பேனா இரண்டு கிடக்கிறது.

நாலாம் வரிசைத் தாள்களுக்கு ஊதாக் கோடு போட்டேன். மரத்துக்குப் போகவில்லை. போய் என்ன பார்க்க?

நாள் முழுக்க ஒருவரோடும் பேசவில்லை. அண்ணாச்சி லீவு. பால்காரர் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஐந்து மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுக்கு அவள் கூப்பிட்டாள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொன்னாள். மூணாம் இலைக்காரன் சோம்பேறி. எட்டாம் இலைக்காரி குண்டச்சி. இரண்டு பேரும் சிரித்தோம்.

"நாளைக்குப் பதினாலுல ரெண்டும் முட்டிக்கும்" என்றாள். "யாரு ஜெயிச்சாலும் மொதல்ல எனக்குத்தான் சொல்லோணும்."

நவம்பர் 12, புதன்

ஆறாம் நாள். ஆரஞ்சு.

இன்று ஆறு மணிக்கே கூப்பிட்டுவிட்டாள். அப்பாவுக்கு மறுபடியும் ரத்தக்கசிவு, ஐசியூவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் உள்ளே விட்டார்களாம். மூச்சுதான் கேட்டது. பிறகு, "அந்தப் பதினாலு... என்னாச்சு புள்ள?" என்றாள்.

இன்னும் பார்க்கல, பார்த்துட்டு அனுப்புதேன் என்று வைத்துவிட்டேன்.

தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். இதுவரை வரைந்த இலைகளில் இரண்டு புழு முட்டிக்கொண்டால் ஒன்று சாகும். பெரியது சின்னதைக் கடித்துவிடும், கோடு அங்கேயே நின்றுபோகும். அப்படி வரைந்தால் வேலை முடிந்தது. நாலைந்து தடவை பேனாவை வைத்தேன். எந்தப் பக்கத்துக் கோட்டை நிறுத்துவது? அங்கே அவள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் செத்துப்போச்சு என்று எப்படி எழுதுவேன்? இல்லாத புழுவுக்குக்கூட என்னால் எழுத முடியவில்லை.

சின்னதை இலை ஓரமாக வளைத்துவிட்டேன். பெரியது நேராகப் போயிற்று. ஒன்றையொன்று தாண்டி, இரண்டும் வேறு வேறு பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

படம் போனதும் உடனே திரும்பக் கூப்பிட்டாள். "பெனிலா! ரெண்டும் ஒதுங்கிப் போயிருக்குதா? நெசமாவா? உன்ற கண்ணால பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

அழுதுகொண்டே சிரித்தாள். நானும் கொஞ்சம் அழுதேன். அப்போது அதுவும் உண்மை மாதிரிதான் இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

அவள் அப்பா கண் திறந்துவிட்டார். "பூங்கோதை" என்று கூப்பிட்டாராம். ஸ்தோத்திரம்.

நவம்பர் 14, வெள்ளி

என்னுடைய ஒன்பதாம் இலையில் இடது பக்கத்துப் புழு செத்துக் கிடந்தது. குளவி. அதை நிஜமாகவே கட்டத்தில் எழுதினேன். வலது பக்கத்துப் புழு நடுநரம்பைத் தாண்டி இந்தப் பக்கமும் தின்ன ஆரம்பித்திருக்கிறது. முழு இலையும் அதற்குத்தான். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தேன். மற்ற புழுக்களைவிட வேகமாக ஒன்றும் வளரவில்லை.

நவம்பர் 15, சனி

தில்லைநாயகம் சார் போன் செய்தார். எனக்கு! "பதினாலாம் இலையைப் பத்திரமா வையிம்மா. இருபத்தொண்ணாம் தேதி வர்றேன். இப்படி ஒண்ணை நான் முப்பது வருஷத்துல பார்த்ததில்லை. இது போதும், அடுத்த வருஷம் பூங்கோதையே தொடரட்டும். உனக்கு வருத்தம் இல்லையே?"

இல்லை சார் என்றேன்.

"இலை உதிர்ந்துட்டாலும் கவலைப்படாதே. தாளும் தேதியும் இருக்குல்ல, அது போதும்."

அவரே வழி சொல்லிக்கொடுத்துவிட்டார். பதினாலாம் இலையைக் கிள்ளி மண்ணில் போட்டால் கதை முடிந்தது. நான் சாயர்புரத்துக்குப் போய்விடலாம். அவளுக்கு இடம் கிடைக்கும். அவளுக்கு நான் செய்ததற்கு அது சரியாகிவிடும் இல்லையா? இன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையே தின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

ஏழு மணி போன். அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், இட்லி கேட்கிறாராம். பூங்கோதை பழையபடி வாயாடுகிறாள்.

"சார்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கறேன். எழுதற கட்டுரையில உன்ற பேரும் போடோணும்னு. கண்டுபிடிச்சவ நீதான?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

"அடப் போ புள்ள. அப்பறம் இன்னொண்ணும் கேட்டேன். ரெண்டு பேரையும் வெச்சுக்க முடியாதான்னு. முடியாதுன்னுட்டாரு மனுசன். நாமளும் ஒரே ரூம்ல ஒரு வருசம் கடிச்சுக்காம இருந்தமல்ல, அந்தப் புழு மாதிரி!"

டவர் இல்லை, கேட்கல, கேட்கல என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நாலு கோடு இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

எட்டு நாளைக்குப் பிறகு நாலாம் வரிசைக்குப் போனேன். பதினாலாம் இலை உதிரவில்லை. உதிர்ந்திருக்கக் கூடாதா என்று மரத்தடியிலேயே நின்றேன். கிள்ளிக்கொண்டு வந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஊசியால் மேல்தோலை உரித்தேன். இரண்டும் உள்ளே காய்ந்து, நூல் பிசிறு மாதிரி கிடந்தன. தலைகள் எதிரெதிரே. நடுவே அளந்தேன். நாலு மில்லிமீட்டர்.

அவை சண்டை போட்டிருக்குமா, ஒதுங்கிப் போயிருக்குமா என்று இனி ஒருவருக்கும் தெரியாது. பூங்கோதை ஒரு வருஷம் காத்திருந்த கேள்வி.

இந்தப் பொய்யை அவள் பேரில் அச்சடிக்கப்போகிறார்கள். அவள் அதை நம்பி இன்னும் நூறு இலையில் தேடுவாள். கிடைக்காது. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வாள். அவள் அப்படிப்பட்டவள்தான். நான் செய்த தப்புக்கு இதையும் சேர்த்து அவள் தலையில் கட்டப்பார்த்தேனே, நான் என்ன ஜென்மம்!

நவம்பர் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். என்றைக்கும் அப்படிச் செய்ததில்லை, அதனால் எடுத்தவுடனே "ஏம் புள்ள, என்னாச்சு?" என்று பதறினாள்.

"பூங்கோதை, பதினாலாம் இலையில ஒண்ணும் இல்ல. எந்த இலையிலயும் இல்ல. பத்தாம் தேதியே மருந்து அடிச்சாச்சு. அதுக்கப்புறம் அனுப்புனது எல்லாம் நானா வரைஞ்சது" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"துணி கட்டியிருந்துச்சல்ல?"

"நான் அவுத்தேன்."

"எதுக்கு?"

"துவைக்கதுக்கு."

"காயலையா?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்தாள். இந்த நோட்டில்கூட அந்தப் பொய்யைத்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

"காஞ்சிட்டு. ஞாயித்துக்கெழமை சாயங்காலமே காஞ்சிட்டு. எட்டையும் மடிச்சு உன் கட்டில்ல வச்சேன். பேனாவும் இருந்துச்சு. காலையில டவுனுக்குப் போனேன். அண்ணாச்சி ரெண்டு தடவ போன் அடிச்சாரு. கையில வச்சிப் பாத்துக்கிட்டே இருந்தேன். எடுக்கல."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பனே" என்றாள். அப்புறம் வேறு ஒரு குரலில், வேலை செய்யும்போது பேசுகிற குரலில், "உரிச்சுப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இருந்துச்சு?"

"நாலு மில்லிமீட்டர்."

"எழுதி வையி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எழுதினேன். புதுத் தாள் எடுத்து, பதினாலாம் இலையின் கோட்டை மூன்றாம் நாள் வரைக்கும் திரும்ப வரைந்தேன். நீலம், பச்சை, கறுப்பு. சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. நாலாம் நாள்: இரண்டும் இறப்பு, இடைவெளி நாலு மி.மீ. இறந்தால் காரணம் என்ற கட்டத்தில் மழை இல்லை, எறும்பு இல்லை, குளவி இல்லை, மற்றொரு புழு இல்லை. தெரியவில்லை என்றும் எழுத முடியாது. "பெனிலா" என்று எழுதினேன். மிச்சம் இருபத்துமூன்றையும் அப்படியே புதுத் தாளில் வரைந்து அதையே எழுதினேன்.

நவம்பர் 20, வியாழன்

சாரிடமும் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பூங்கோதை டிசம்பர் தளிர்ல முதல்லேருந்து ஆரம்பிக்கட்டும். நீ முப்பதாம் தேதி சாவியைக் குடுத்துடு" என்றார்.

மாடக்கண்ணு அண்ணாச்சியிடமும் போய், உங்க தப்பு இல்ல அண்ணாச்சி, என் தப்பு என்றேன். "அன்னைக்கே தெரியும்மா, ஒங்க மூஞ்சியப் பாத்தேன்லா" என்றார்.

ஏழு மணிக்கு போன் வரவில்லை.

நவம்பர் 24, திங்கள்

வரவில்லை.

நாலாம் வரிசையில் புதுத்தளிர் துளிர்த்திருக்கிறது. எட்டு மரத்திலும் சிவப்புத் துணி கட்டினேன், மும்மூன்று முடிச்சு.

நவம்பர் 29, சனி

பூங்கோதை மத்தியான பஸ்ஸில் வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டேன். "நடக்கறாரு" என்றாள். பையிலிருந்து என் சீப்பை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

நேராக நாலாம் வரிசைக்குப் போய்வந்தாள். துணி முடிச்சுகளைப் பார்த்திருப்பாள். அப்புறம் அவள் கட்டிலில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் பெட்டியில் துணிகளை அடுக்குவதுபோல் நின்றுகொண்டிருந்தேன். பதினாலாம் தாளில் கை நின்றது. கட்டத்தைப் படித்தாள். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே அதன் இடத்தில் வைத்து, கோப்பை மூடினாள்.

நாளைக் காலை ஆறேகால் பஸ் எனக்கு. ஃபேனை இரண்டில் வைத்தேன்.

ஏழு மணி ஆயிற்று. பழக்கத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவளும் அவள் போனை எடுத்தாள், பார்த்தாள், தலையணைக்கு அடியில் வைத்தாள். நாலடி தள்ளி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.